நாற்பத்தொன்றாம் சேனல்

முப்பதுக்கு அடுத்து முப்பத்தொன்பது, பிறகு நாற்பத்தெட்டு. இறக்கினால் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று மட்டும் வரவில்லை.

ஆறு மணிக்கு அதில் மனைவியின் நேரடிப் பேட்டி. இன்னும் ஒன்பது நிமிடம்.

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். போன வருடம் அவள் பரிசு வாங்கிய விழாவன்று இவர் வீட்டில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவள் சொல்லிக்காட்டியதே இல்லை. இன்று காலையும், "பாக்கணும்னு கட்டாயம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது இவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இன்று பார்த்தே தீரவேண்டும்.

டிவியில் பொத்தான்கள் உடைந்து வருடமாயிற்று. ரிமோட், அவள் மாணவர்கள் செய்து கொடுத்தது. இரண்டே பொத்தான்கள். மேல் பொத்தான் ஒன்பது சேனல் தாவும். கீழ் பொத்தான் ஆறு இறங்கும். இரண்டு மாதமாக இதே கூத்து. விளையாட்டுச் சேனல் ஐம்பது, அதுவும் வருவதில்லை. பழுது பார்க்கிறேன் என்றால், பிள்ளைகள் ஆசையாகச் செய்தது, திறக்கக் கூடாது என்று அவள் தடுத்துவிடுவாள்.

"எல்லாமே மூணாம் வாய்ப்பாடா வருது மாமா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம்.

"எம் பொண்ணு வருவாளா மாட்டாளா, அதைச் சொல்லுங்க மாப்ள."

இவர் ரிமோட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு திருகுகள். மேல் திருகை ஒரு பல் நகர்த்தினார். இப்போது ஏற்றம் பத்து. நாற்பது வந்தது. நாற்பத்தாறு வந்தது. சுற்றிச் சுற்றி இரட்டை எண்களே.

கீழ் திருகையும் நகர்த்தினார். இறக்கம் ஐந்து. இன்னும் மோசம். நாற்பத்திரண்டு, முப்பத்தேழு, நாற்பத்தேழு. ஐந்து ஐந்தாகக் குதித்தது.

"உங்ககிட்ட கடிகாரம் குடுக்கிறவங்களைச் சொல்லணும்" என்றார் மாமனார். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

டிவி நாற்பத்திரண்டில் நின்றது. ஒன்று குறைந்தால் போதும். ஒன்று.

சட்டென்று பொறி தட்டியது. மேல் திருகைப் பழையபடி ஒன்பதுக்குத் திருப்பினார். ஒன்பது ஏறி, ஐந்தைந்தாக இருமுறை இறங்கினால்?

ஏற்றினார். ஐம்பத்தொன்று.

"பக்கத்துல வந்துட்டு ஏன் தூரமாப் போறீங்க?"

நாற்பத்தாறு. இன்னொரு முறை இறக்கினார். நாற்பத்தொன்று.

திரையில் மனைவி. மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். இவர் கண் கலங்கியது.

கணக்கு வீட்டுக்கு எதற்கு உதவும் என்று பேட்டி எடுப்பவர் கேட்டார்.

"எங்க வீட்டு ரிமோட்டை மேலே ஒன்பது, கீழே ஆறுன்னு நான்தான் வச்சேன்" என்றாள் அவள். "ரெண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி மூணு. முப்பதுல ஆரம்பிச்சு எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் மூணோட மடங்குதான் வரும். ஐம்பதாம் நம்பர் விளையாட்டுச் சேனல் வரவே வராது. ரெண்டு மாசமா வீடு நிம்மதியா இருக்கு."

"ஐயோ, உங்க வீட்டுக்காரர் இதைப் பார்த்துட்டு இருப்பாரே?"

"நாற்பத்தொண்ணும் வராதுங்க. அந்தத் தைரியத்துலதானே சொல்றேன்."