விசேஷம் இல்லை, கஞ்சி

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆண் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பெண் வழக்கத்தைவிட ஒரு ஊக்கைக் குறைத்துக் குத்திக்கொண்டு வரட்டும், உடனே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். யாருக்காக, எதுக்காக, நேற்று ஏன் இப்படி வரவில்லை என்று ஆளாளுக்குத் துப்பறிவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கமிஷனில் நானும் நிரந்தர உறுப்பினர். யாராவது "நல்லா இருக்கியா?" என்று கேட்டால்கூட, இவளுக்கு எதுக்கு இந்தத் தகவல் என்று யோசிக்கிற ஜென்மம் நான்.

அப்படிப்பட்ட நான் ஒருநாள் அழகாக உடுத்திக்கொண்டு வேலைக்குப் போய் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்கு, மலையில் விளைகிற சாமை, தேன், கடுக்காய் எல்லாம் வாங்கி விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கரியாலூரில் புதிதாக ஒரு கொள்முதல் நிலையம் திறக்கப்போவதாகவும் அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். சும்மா இல்லை, வெறியாக வேண்டும். அடுத்தவர் சொல்வதை நாளெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தேன். ஓரிடத்திலாவது நான் சொல்ல நாலு பேர் கேட்கட்டுமே என்று ஆசை. ஆனால் ஸ்டோரில் இருக்கும் மோகனுக்குத்தான் கிடைக்கும் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

ஒருத்தருக்கும் தெரியாமல் சேலத்தில் இருக்கும் எங்கள் முதலாளி மேடத்துக்குப் போன் போட்டேன். "சரி, நான் வரும்போது உங்க ரெண்டு பேரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்றேன். அதுவரைக்கும் வெளிய சொல்லாதம்மா" என்றார். (சொல்லுவனா நானு? எங்க வூட்டுக்காரர்கிட்டயே மூச்சு வுடல.)

மேடம் வருவதற்கு முன்தினம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வேலைக்குப் போகும் பெண் அழகாகவும் தெரிய வேண்டும், அழகுக்காக மெனக்கெட்டது தெரியவும் கூடாதாம். உதட்டுச் சாயம் போட்ட மாதிரி இருக்கக் கூடாது, போடாத மாதிரியும் இருக்கக் கூடாது. முந்தானையை மடிப்பு மடிப்பாக ஊக்கு குத்தி ராணுவ ஒழுங்கில் நிறுத்தாமல் ஒற்றையாக விட்டு, இன்னொரு பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, இடுப்புக்கு முன்னால் மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு நளினம், ஒரு கம்பீரம். அந்தப் பெண் பிடித்தபோது இரண்டும் இருந்தது.

என்னிடம் புதிதாக ஒரு மாந்துளிர் நிறக் காட்டன் புடவை இருந்தது. கம்பீரம் கம்மியாகிவிடப் போகிறதே என்று நானே அதற்குக் கஞ்சி போட்டேன். நன்றாகவே போட்டேன். காலையில் கட்டி முடித்ததும் கொசுவம் எனக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி நின்றது. முழங்கை வரை கை வைத்த மெரூன் ரவிக்கை, சின்ன ஜிமிக்கி, கண்ணுக்குக் கோடு கிழித்தாற்போல் மை. மலைக்குப் போக வேண்டுமே என்று தட்டைச் செருப்பு. வளைவில் குமட்டுமே என்று கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம். முந்தானையைச் சுற்றி வயிற்றுக்கு மேல் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். கண் பட்டுவிடும் போல இருந்தது.

என் கணவர் சேகர் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். எப்போதும் புடவையைக் கவனிக்காத மனுஷன் அன்றைக்குக் கவனித்தார்.

"இன்னா, யாராச்சும் வராங்களா?"

"யாரும் வரல. ஏன், நான் நல்லா கட்டக் கூடாதா?"

"கட்டு, கட்டு. நான் இன்னா சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இவருக்கு என்ன சந்தேகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆபீசில் நுழைந்ததும் கணக்குப் பார்க்கும் வசந்தாக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே பார்த்து, வயிற்றருகில் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இன்னாடி ரேவதி, எதாச்சும் விசேஷமா?"

மேடத்தின் போன் விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலேயே மோகன் வேறு சாமை மூட்டைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தி, "ஆமாக்கா. இன்னும் யாருக்கும் தெரியாது. உறுதியாவட்டும், நானே சொல்றேன்" என்றேன்.

வசந்தாக்கா கண்ணில் தண்ணீர் நின்றது. "மகமாயி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பதவி உயர்வுக்கு இந்த அம்மா ஏன் அழுகிறார் என்று யோசித்திருக்க வேண்டும். (யோசிச்சேன். பொறாமையா இருக்கும்னு நெனச்சேன்.)

அதன் பிறகு நடந்ததெல்லாம் சதி. முதலில் என் டிபன் டப்பாவில் இருந்த பப்பாளித் துண்டுகளை வசந்தாக்கா கேட்காமல் கொள்ளாமல் எடுத்து வெளியே போட்டார். அடுத்து மலைக்குக் கொண்டுபோகிற சாமை சாம்பிள் பையைத் தூக்கப் போனால் மோகன் பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"வெயிட்டு தூக்காதீங்க. நான் தூக்கிக்கினு வரேன்."

"ஏன், நான் தூக்கக் கூடாதா?"

"இப்பப் போய் தூக்குவாங்களா? ரோடு வேற மோசம். நீங்க மலைக்கு வரலன்னாகூட மேடத்துகிட்ட நான் பேசிக்கிறேங்க."

ஆகா, வெளுத்துவிட்டது சாயம் என்று நினைத்தேன். மேடம் முன்னால் நான் வேலை செய்வதுபோல் தெரியக் கூடாது, மலைக்கும் வரக் கூடாது, வேலை இவனுக்குப் போய்விட வேண்டும். வசந்தாக்காவும் கூட்டு. விடுவேனா? முந்தானையை இன்னும் இறுக்கி வயிற்றோடு பிடித்துக்கொண்டு, வந்து நின்ற ஜீப்பில் முதல் ஆளாக ஏறினேன்.

மேடம் முன்சீட்டில். நானும் மோகனும் பின்னால். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்தேன். இரண்டாவது வளைவில் பழம் தோற்றுவிட்டது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஓரமாகக் குனிந்து, நளினம் கம்பீரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அதிலும் புடவை ஒரு சுருக்கம் விழாமல் அப்படியே விறைத்து நின்றது.

ஏறி உட்கார்ந்ததும் மேடம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "எத்தனை மாசம்மா ஆச்சு?"

இன்டர்வியூ ஆரம்பித்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பதினெட்டு மாசம் மேடம்."

டிரைவர் பிரேக்கை ஒரே மிதி மிதித்தார்.

"பதினெட்டா?"

பத்தாது போலிருக்கிறது என்று எனக்குப் பதற்றம். "அதுக்கு முன்னாடி உளுந்தூர்பேட்டையில ஒண்ணு இருந்துச்சு மேடம். சரிப்பட்டு வரல, அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்."

மேடம் வாய் திறந்தபடி இருந்தது. "மயக்கத்துல இன்னாவோ பேசறாங்க மேடம். பேச்சு குடுக்காதீங்க" என்றான் மோகன். பாருங்கள், என்னைப் பேசவே விடவில்லை!

கரியாலூரில் மலைக்காரப் பெண்கள் தேனும் சாமையுமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்பதற்குள், மேடம் என் தோளில் கை வைத்தார்.

"ரேவதி, இந்தப் பொறுப்பை இப்ப மோகனே பார்க்கட்டும். நீ நல்லபடியா பெத்துப் பிழைச்சு வா. அப்புறம் பேசிக்கலாம்."

பெத்துப் பிழைத்து. அந்த ஒரு வார்த்தையில் பப்பாளி, பை, வசந்தாக்காவின் கண்ணீர் எல்லாம் வரிசையாக வந்து என் தலையில் விழுந்தது. விசேஷம்! அட பாவி, அந்த விசேஷமா!

"மேடம், நான் முழுகாம இல்ல!" என்று கத்தினேன். மலையில் எதிரொலி வேறு கேட்டது. "இது புள்ள இல்ல மேடம். கஞ்சி!"

"கஞ்சியா?"

"புடவைக்குப் போட்ட கஞ்சி!" என்று கொசுவத்தை ஓங்கி ஓர் அடி அடித்தேன். அமுங்கியது. கையை எடுத்ததும் மெல்ல எழுந்து பழைய இடத்துக்கே வந்தது.

"அப்ப வாந்தி?"

"அது ரோடு மேடம்."

"பதினெட்டு மாசம்?"

"சர்வீஸ் மேடம்."

"உளுந்தூர்பேட்டையில வுட்டுட்டு வந்தது?"

"பழைய வேலை மேடம்."

கூட்டத்தில் ஒரு அக்கா பக்கத்தில் வந்து என் வயிற்றைக் கரிசனமாகப் பார்த்து, "இன்னா கஞ்சி கண்ணு குடிச்ச, இப்பிடி ஊதிக்கினு இருக்குது?" என்றார். மேடம் அதற்குமேல் தாங்காமல் தேன் டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்து முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்னும் முழுசாக நம்பவில்லை. "சரி. ஏர்றதுக்குள்ளயே வாந்தி எடுக்கிறவ வாராவாரம் மலைக்கு எப்படி வருவ?"

"எடுத்துட்டு வருவேன் மேடம்" என்றேன். "நாளைக்கு நெசமாவே புள்ள வந்தாலும் வருவேன். இது எனக்கு வேணும் மேடம்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மை கன்னத்தில் இறங்கியது. வீடியோவில் இதற்கு வழி சொல்லவில்லை.

அன்றைக்குச் சாமையை நான்தான் தரம் பார்த்து, பேசி, எடை போட்டு வாங்கினேன். வேலையும் எனக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். திரும்பி வருகிற வழியில் மோகன், "எங்க அக்காவுக்கு இந்த ரோட்லதாங்க கலைஞ்சு போச்சு. அதான் பயந்துட்டேன்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. (இருந்தாலும் ஒரு கால்வாசி சந்தேகம் இன்னிக்கும் இருக்குது.)

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் மாமியார் செருப்பு. வசந்தாக்கா சேகருக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் திருக்கோவிலூரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போட்டிருக்கிறார். அத்தை அடுத்த பஸ்ஸில் லட்டும் கண்ணாடி வளையலுமாக வந்து இறங்கிவிட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம், தெருவில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. சேகர் மூலையில் நின்று அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் மலை ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சொன்னேன். அத்தை எழுந்து வந்து என் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எவடி இவ்ளோ கஞ்சி போட்டவ?"

"நான்தான் அத்தை."

"வேல கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அப்ப அதுக்குத் தின்னு" என்று ஒரு முழு லட்டை என் வாயில் அடைத்தார்.

அடுத்த வருஷம் நெசமாகவே விசேஷம். ஒருத்தரும் நம்பவில்லை. வசந்தாக்கா என் புடவையைக் கசக்கிப் பார்த்து, "நைலக்ஸ்தான், கஞ்சி இல்ல" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் பிறந்ததும் அத்தை முதன்முதலில் கையில் வாங்கி, "வாடி எங் கஞ்சி" என்றார். அவ்வளவுதான். எங்கெங்கோ தேடிப் பிடித்து அழகான பெயர் வைத்தோம், அது ஆதாரில் மட்டும் இருக்கிறது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வூட்ல உன்ன இன்னான்னு கூப்புடுவாங்கன்னு கேட்டா, பாப்பா கஞ்சின்னு சொல்லுதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க... வூட்ல சாப்பாட்டுக்கு எதாவது கஷ்டமா?"

"ஐயோ, இல்லங்க டீச்சர். நான் ஒருநாள் ஆபீசுக்கு அழகா போனேன், அதுல வந்த பேரு" என்றேன்.

டீச்சர் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.