மேடத்துக்குக் கோதுமை ஆகாது

லிங்கசாமி பெருங்காய டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படித்தார். படித்ததும் அடுப்படிக்கு ஓடினார்.

"இதுல மைதா சேத்தியிருக்கான். சாம்பார்ல போட்டுட்டியா?"

"போடாம எப்படிங்க சாம்பார் வெக்கிறது?" என்றாள் மனைவி அன்புசெல்வி.

கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை லிங்கசாமி தன் கையாலேயே கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அவர் மேனேஜர். கம்பெனிக்கு உயிர் கொடுக்கும் ஆர்டர் டென்மார்க் இங்க்ரிட் மேடத்தின் கையில் இருந்தது. அந்த அம்மாள் இன்று மதியம் வருகிறார். நேற்று சென்னை ஏஜென்ட் போனில் சொன்னதாக முதலாளி மோகன்ராஜ் ஒரு சேதி சொன்னார். மேடத்துக்கு இந்தத் தடவை வீட் வேண்டாமாம், துளிகூட இருக்கக் கூடாதாம்.

"வீட்ங்கிறது கோதுமைங்க. மத்தியானச் சாப்பாட்ட நீங்களே பாத்துக்குங்க" என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

லிங்கசாமி முதலில் பயப்படவில்லை. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் கொழுந்தியாள் ஞானாம்பாளிடம் போனில் கேட்டதுதான் வினையாகிப் போனது. அது ஒரு வியாதி மாமா என்றாள் அவள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். ஆகாதவர்களுக்கு அது ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்த்தால்கூட ஆபத்தாம்.

வீட்டில் இரண்டுக்கும் ஒரே கல்தான். லிங்கசாமி ஓடிப்போய்ப் புதுக் கல் வாங்கி வந்தார். பழகாத கல்லில் தோசை அப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டின போஸ்டரைச் சுரண்டுவதுபோல் துண்டு துண்டாக வந்தது. சரி, அதே மாவில் இட்லி ஊற்றிவிடலாம் என்றார்.

அன்புசெல்வி தயங்கினாள். "முறுகலா வரட்டும்னு மாவுல ஒரு கை ரவை போட்டனுங்க."

அதுவும் கோதுமைதான். மாவு சாம்பாரைத் தேடிப் போனது.

கடைசியில் சோறு, வெறும் பருப்பு, கீரை, தயிர் என்று முடிவாயிற்று. அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தால், கேன்டீனில் சப்பாத்தி மாவு புகைபோலப் பறந்துகொண்டிருந்தது. காற்றிலேயே போய் மேடத்தின் மூக்கில் ஏறிவிட்டால்? லிங்கசாமி அடுப்பை அணைக்கச் சொன்னார். சப்பாத்தி இல்லை என்றதும் பீகார் ஆட்கள் மெஷினை விட்டு எழுந்து கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மேடத்தின் கார் வந்தது.

ஸ்ட்ரைக்கா என்று மேடம் கேட்க, முதலாளிக்கு வியர்த்துவிட்டது. இல்லை, சாப்பாட்டு நேரம் என்று ஒருவழியாகச் சமாளித்து உள்ளே அழைத்துப் போனார்.

மேடம் பருப்புச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் லிங்கசாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று அவர் மூச்சுவிட்ட நேரத்தில், மேடம் கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"நோ மேடம்! வீட்!"

லிங்கசாமி பாய்ந்து அதைப் பிடுங்கினார். பிஸ்கட் அவர் உள்ளங்கையில் நொறுங்கியது.

மேடம் தன் வெறும் விரல்களைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், அது கோதுமை பிஸ்கட்தான், உடம்புக்கு நல்லதென்று தினமும் சாப்பிடுகிறாராம். வேண்டுமானால் கேட்டிருக்கலாமே, தந்திருப்பேனே என்றார்.

லிங்கசாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி லிங்கசாமியைப் பார்த்தார். அப்படியானால் ஏஜென்ட் எந்த 'வீட்'டைத்தான் வேண்டாம் என்றார் என்பது இருவருக்கும் விளங்கவில்லை.

கதவு திறந்தது. கட்டிங் மாஸ்டர் பொங்கியண்ணன் தலையை நீட்டினார்.

"மொதலாளி, மேடம் ஆர்டருக்குச் சாயம் போட்டு வந்த வீட் கலர் துணி பூராவும் வெட்டி முடிச்சாச்சுங்க. கொண்டாந்து காட்டட்டுங்களா?"