மலமிளக்கியும் மாக் டிரில்லும்

விதிமுறை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும், அது மற்றவர்களுக்காக எழுதப்பட்டது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த எனக்கு அது கொஞ்சம் அதிகம். (ஏணியில் ஏறுவது எப்படி என்று ஆறு பக்கம் எழுதியவன்.)

வெளிநாட்டு ஆய்வாளர் முன்னால் 'மாக் டிரில்' என்கிற தீ விபத்து ஒத்திகை நடத்த வேண்டியிருந்தது. சொதப்பினால் பெரிய ஆர்டர் போய்விடும். அந்தக் கவலையில் என் வயிறு வேலைநிறுத்தம் செய்தது. மருந்துக்கடையில் மலமிளக்கி மாத்திரை தந்தார்கள். ராத்திரி ஒன்று, தண்ணீரோடு முழுசாக விழுங்கினால் காலையில் பலன்.

ராத்திரி மறந்துவிட்டேன். ஒத்திகை நாளன்று காலையில் ஒன்று போட்டேன். குளித்துவிட்டு வந்தும் அசைவில்லை. இன்னொன்றைச் சூடான பாலோடு போட்டேன்.

"பாலோட வேணாம்னு கடைக்காரர் சொன்னாரேங்க," என்றாள் மனைவி.

"எனக்கே இன்ஸ்ட்ரக்‌ஷனா?"

(குடலில் கரைய வேண்டிய மேல்பூச்சைப் பால் இரைப்பையிலேயே கரைத்துவிடுமாம், வேலை செய்யவும் பல மணி நேரம் ஆகுமாம். டாக்டர் பிறகு சொன்னார்.)

மதியம் சைரன் ஒலித்தது. எல்லோரும் வெளியே வந்து வரிசையில் நின்றோம். தலை எண்ணி முடியும்வரை யாரும் கட்டடத்துக்குள் திரும்பக் கூடாது. நான் எழுதிய விதி. அப்போது வயிறு சுருட்டியது. கழிவறையோ கட்டடத்துக்குள்.

ஓடினேன்.

"சார், எங்க ஓடுறீங்க? உள்ள நெருப்பு கீது சார்!" என்று கத்தினார் மீட்புக்குழுத் தலைவர் தில்லிபாபு.

"எரியட்டும்யா!"

எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தது. முகமூடி மாட்டிக்கொண்டு மீட்புக்குழு வந்து கழிவறைக் கதவைத் தட்டியது.

"சார், உசுரோட கீறீங்களா?"

"இருக்கேன், போய்த் தொலை!"

"மாட்டிக்கினவங்கள வுட்டுட்டு வரக்கூடாதுன்னு நீங்கதான சார் எழுதிக்கீறீங்க!"

மீட்கப்பட்டவரை நடக்கவிடக் கூடாது என்றும் எழுதியிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிவந்தார்கள். தொழிற்சாலையே கைதட்டியது. வாசலைத் தாண்டியதும் மறுபடி சுருட்டியது.

"திருப்புய்யா!"

ஸ்ட்ரெச்சர் என்னோடு 'தீக்குள்' திரும்பி ஓடியது.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். தீயில் சிக்கியவனின் வேதனை என் முகத்தில் தத்ரூபமாக இருந்ததாம். ஆர்டர் கிடைத்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒருவர் கழிவறையில் சிக்கியிருக்க வேண்டும் என்பது அங்கே இன்று விதி. அந்த வேடத்துக்கு என் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் எப்போதாவது தேவைப்பட்டால் ராத்திரி ஒன்று, தண்ணீரோடு. அடிக்கடி தேவைப்பட்டால் டாக்டர். ஆனாலும் கழிவறையில் நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், மனைவி கதவைத் தட்டுகிறாள்:

"தானா வந்துடுவீங்களா, ஆள் அனுப்பட்டுமா?"