ஓலை முதலாளியின் வண்டி

ஒரு மாடு செத்ததற்காகத் தன் கொம்பனியையே தலைகீழாக்கிய மனிதர் வன்னியில் ஒருவர்தான் இருந்திருப்பார். முள்ளியவளையில் எள்ளுருண்டை செய்து விற்றவர். நாங்கள் வைத்த பெயர் ஓலை முதலாளி. கடைகளுக்குச் சரக்கு அனுப்புவது என் வேலை.

எங்களிடம் எள்ளுருண்டையைப் பொலித்தீன் பையில் போட்டுப் பக்கற் கட்டிய செல்லமாக்காவின் பால்மாடு வயிறு ஊதிச் செத்தது. வயிற்றைக் கிழித்தால் உள்ளே பந்து பந்தாகப் பொலித்தீன் பைகள். ஒன்றில் எங்கள் கொம்பனிப் பெயர் போட்ட சீட்டு! முதலாளி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் பனையோலைப் பெட்டிதான் என்றுவிட்டார்.

போரில் வன்னிக்குச் சரக்கு வரும் பாதை பூட்டியிருந்த காலம் அது. பொலித்தீன் கிடைப்பதே அருமை, இந்த மனிதர் கையில் இருப்பதையும் வேண்டாம் என்கிறாரே என்று திகைத்துப்போனேன். ஓலைக்குள் எறும்பு போகிறது என்றார் ஒரு கடைக்காரர். உள்ளே இருப்பது தெரியாமல் சனம் எப்படி வாங்கும் என்றார் இன்னொருவர். ஒவ்வொரு கடையாகக் கைவிட, மிஞ்சியது ஒட்டுசுட்டான் கடை ஒன்றுதான். அதுவும் போனால் செல்லமாக்காவோடு ஏழு பெண்களுக்கு வேலை இல்லை.

லொறி மண்ணெண்ணெயில் ஓடிப் புகை கக்குகிறதாம், அதுவும் வேண்டாமாம். மாட்டுவண்டி பிடித்தார். பெட்டி நசியாமல் இருக்க இடையிடையே வைக்கோல் அடைத்தோம். அங்கேதான் பிழை வந்தது.

ஒட்டுசுட்டானில் நாங்கள் கடைக்காரரைக் கூப்பிட உள்ளே போனோம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று அவர் இருத்திவிட்டார். வெளியே வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியிலிருந்த வைக்கோலை இழுத்துப் போட்டிருக்கிறார். வண்டியில் வைக்கோல் கிடந்தால் அது மாட்டுக்குத்தானே? அவரை என்னவென்று ஏசுவது! சந்தையில் நின்ற மாடுகளும் விருந்துக்கு வந்துவிட்டன. வெளியே வந்தால், ஐயோ, வைக்கோலும் இல்லை, ஓலையும் இல்லை, எள்ளுருண்டையும் இல்லை. ஒரு நாம்பன் மாடு மட்டும் வாயோரத்தில் எள்ளோடு அசைபோட்டுக்கொண்டு நின்றது.

கடைக்காரர் வெறும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பொலித்தீனிலை போட்டுக்கொண்டு வாங்கோ முதலாளி. இல்லாட்டி இனி வராதேங்கோ."

முதலாளி மாடுகளுக்கு நடுவே போய் ஒவ்வொன்றின் வயிற்றையும் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் போச்சுது முதலாளி," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"ஓம், போச்சுதுதான்," என்றார். "ஆனா இதிலை ஒண்டும் சாகாது."

கொம்பனியை அந்த மாதமே மூடினார். மூடின கையோடு தன் மோட்டார்சைக்கிளை விற்றுச் செல்லமாக்காவுக்கு ஒரு பசு வாங்கிக் கொடுத்தார். வேலை போன ஏழு பேரில் ஒருத்தியும் அவரைத் திட்டவில்லை. நான்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது தெருவில் ஒரு பொலித்தீன் பை கிடந்தாலும் குனிந்து எடுக்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.