அம்பாத்தோ நகர அடுக்களையில் நிகழ்ந்த சல்லடைப் போர்

"விடுடி சல்லடைய. அம்மா நாப்பது வருஷமா வடிகட்டித்தான்…"

"அம்மா இருந்தப்ப அப்பாவுக்கு வயிறு ஒழுங்காப் போச்சுக்கா. இப்ப மூணு நாளாச்சு. விதையிலயும் சக்கையிலயும்தான் நார்ச்சத்தே இருக்கு, அதைப் போயி…"

"அந்த விதை பல்செட்டுக்கு அடியில போயி போன வருஷம் ஒரு வாரம் கத்தினாரே, அப்ப நீயா வந்து பாத்த?"

வாழ்க லஸ்தேனியா. துங்குராவா எரிமலை மூச்சடக்கிக் காத்திருக்க, இறந்தோர் திருநாளின் காலையில், முழங்கைவரை ஊதாச்சாறு வழிய, இடக்கையில் அகப்பையும் வலக்கையில் சல்லடையும் ஏந்திய அடுக்களைக் கொற்றவையே, நீ வாழ்க. உன் சல்லடையின் மறுவிளிம்பைப் பற்றி நின்றவளோ இளையவள் டிக்னா. சுகாதார நிலையத்தில் தாய்மார்க்குச் சத்துணவு வகுப்பெடுப்பவள், வைட்டமின்களை வாளாகச் சுழற்றுபவள். இருவர்க்கும் இடையே, கருமணிக் கொத்துகளாய்ச் சந்தையிலிருந்து வந்து, பாதி முழுதும் பாதி பிசைந்ததுமாய், போர்க்களத்துக் குருதிக்குட்டை போலக் கிண்ணத்தில் கிடந்தது மோரா எனப்படும் பிளாக்பெர்ரி. அடுப்பிலே கருஞ்சோள மாவும் வெல்லமும் பட்டையும் அன்னாசியும் ஒன்றாய்க் குமுறின. அக்குமுறலில் மோரா கலந்தால்தான் அது ஊதாக் கூழ், மாண்ட தாயின் கல்லறை காணத் தக்க கூழ்.

எவர் வயிற்றின்பொருட்டு இப்பெரும்போர் மூண்டதோ அந்த எண்பத்திரண்டு அகவையினரான தந்தை டான் ஒலிம்பியோ, கிண்ணத்தருகே முக்காலியில் அமர்ந்து, ஊதா படிந்த உதடுகளை இறுக மூடி, சுவரைப் பார்த்திருந்தார். இருமுறை கை உயர்த்தினார். களிறுகள் இரண்டு மோதுகையில் நடுவே நாணல் அசைந்ததை யார் கண்டார்?

"வடிகட்டாத கூழோட நான் கல்லறைக்கு வரமாட்டேன்," என முழங்கினாள் மூத்தவள்.

"வராத. வடிச்சு நாரைத் தூக்கிப் போட்டுட்டு, கொதிக்க வெச்சு வைட்டமினையும் கொன்னுட்டு, அப்புறம் மோரா எதுக்கு? கலர்ப்பொடி வாங்கி ஊத்து."

இழுத்தாள் லஸ்தேனியா. சட்டென விட்டாள் டிக்னா. வென்ற சல்லடையை மார்போடணைத்தபடி உருளைக்கிழங்கு மூட்டைமேல் மல்லாந்தாள் மூத்தவள். அக்கணமே, அணை உடைந்த ஆறெனக் கிண்ணத்தைக் கவிழ்த்து, விதையும் சக்கையும் சாறுமாய் அனைத்தையும் கூழில் பெய்து, மூத்தவள் நழுவவிட்ட அகப்பையை எடுத்து, வாகை சூடியவளாய்க் கிண்டத் தொடங்கினாள் இளையவள்.

அகப்பையில் ஏதோ கடக்கென்றது.

"பழம் திங்கலாம்னு பல்லைக் கழட்டினேன்மா," என்றார் டான் ஒலிம்பியோ, பொக்கைவாய் குழற. "விதை மாட்டுமேன்னு. கிண்ணத்துக்குள்ள நழுவிடுச்சு. ரெண்டு பேரும் சொல்ல விட்டாத்தானே."

டிக்னா கூழைப் பார்த்தாள். மூட்டைமேல் இருந்தவளைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தச் சல்லடையக் கொஞ்சம் குடு."