புளிவிலக்கு

விளைவுகளை ஆராயாமல் நான் எதையும் செய்ததில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் ஆராய்ந்துதான் செய்தேன். விருந்தினர்களின் தொண்டையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

சமூகப்பணியில் முதுகலை முடித்துச் சூரியநெல்லிக்குத் திரும்பியிருந்த புதிது. எங்கள் லயத்து வீட்டின் பின்புறத் துண்டு நிலத்தில் பீன்ஸ், சௌசௌ, காந்தாரி மிளகாய், சேம்பு எல்லாம் வளர்த்து, எஸ்டேட் தொழிலாளர்களின் உணவுத் தற்சார்பை அங்கிருந்தே தொடங்கிவைப்பது என்று தீர்மானித்திருந்தேன். (தொழிலாளர்களிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.)

மாப்பிள்ளை வீட்டார் ஏலப்பாறைக்காரர்கள். அவ்வளவு தூரம் மலைப்பாதையில் வருகிறவர்களை வெறும் காபியோடு அனுப்ப முடியாது என்பதால் மதியச் சாப்பாடு. சமையல் பொறுப்பை நானே வலிந்து ஏற்றேன். சட்டம் எளிமையானது: தோட்டத்தில் விளையாதது இலைக்கு வராது. அரிசி, உப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்குக் கருணை அடிப்படையில் விலக்களித்தேன். எங்கள் குளிரில் விளைய மறுத்து, சமவெளியிலிருந்து லாரியேறி வரும் புளிக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் நாளே ஜாடியைப் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தினேன்.

"சேம்பிலைக்குப் புளி சேக்காம எப்படிட்டி?" என்றார் அம்மா.

"நல்லா வெந்தாப் போதும்மா."

அக்கா என்னைத் தனியே இழுத்துப் போனாள். "மூணு வரன் தட்டிப் போச்சு. இவுகளத்தான் எனக்கே பிடிச்சிருக்கு. நீ ஏதாவது கோளாறு பண்ணுனே, ஒன்னயத் தேயிலைக்கு உரமாப் போட்டுருவேன்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜீப்பைவிட்டு இறங்கியதிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. சேம்பிலைக் கடைசலின் இரண்டாவது கவளத்தில் நிறுத்தினார். அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு நான் தற்சார்பு குறித்து உரையாற்றத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா கழுத்தைத் தடவினார். மாமனின் கண்கள் கலங்கின. (உருக்கமாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்தேன்.) மாப்பிள்ளையோ மரியாதை கருதி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டு, பிறகு வாயைத் திறந்து மூடினார், சத்தம் வரவில்லை.

அவருடைய அம்மா இலையை மூடிவிட்டு எழுந்தார். நாலாவது வரனும் வாசல்வரை போய்விட்டது.

அப்போது அக்கா தட்டில் தம்ளர்களோடு வந்தாள். "புளித்தண்ணி. எல்லாரும் குடிங்க, அரிப்பு அடங்கிரும். இவளுக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள கொஞ்சம் ஒளிச்சு வச்சிருந்தேன்."

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் குரல் திரும்பியது. அக்காவைப் பார்த்து, "இன்னொரு தம்ளர் கெடைக்குமாங்க?" என்றார்.

அடுத்தது மாமன். "மூத்தது விவரமான புள்ள. எங்களுக்குச் சம்மதம். எளையது எவ்வளவு படிச்சிருக்கு?"

"முதுகலை," என்றேன்.

"இன்னுங் கொஞ்சம் படிக்கட்டும்."

கல்யாணத்தன்று அத்தான் எனக்கு ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே புடவை இல்லை, ஒரு புளியங்கன்று. அது காய்க்கும்வரை நான் சேம்பில் கை வைக்கக் கூடாது என்பது இரு வீட்டாரும் கூடி எடுத்த முடிவு. எங்கள் குளிரில் அது முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. அக்கா ஏலப்பாறையிலிருந்து பேசும்போதெல்லாம் என் உடல்நலத்தை விசாரிப்பதே இல்லை.

"புளி வளந்துச்சாட்டி?" என்கிறாள். இல்லை என்றதும், பின்னாலிருந்து அத்தான் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவது கேட்கிறது.