மாட்டு ஏப்பத்துக்கு நான் போட்ட வரி

அரைகுறையாகப் படித்தவன் வீட்டுக்கு ஆபத்து என்பார்கள். அறிவியல் செய்தியில் தலைப்பை மட்டும் படித்தவன் மாட்டுக்கும் ஆபத்து. ஒரு தெரு மாடுகளை மலைக்கு விரட்டிவிட்ட அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

அப்போது நான் சங்கராபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அதுவும் தற்காலிகம். (தற்காலிகம் என்றால் மின்விசிறிக் காற்று வராத மூலையில் உட்காருகிறவன் என்று பொருள்.) வேலை கம்மி, செல்போனில் டேட்டா ஜாஸ்தி. செவ்வாயில் உயிர் உண்டா, மூளைக்குள் சில்லு வைக்கலாமா, மரபணு திருத்திய நெல்லை அனுமதிக்கலாமா என்று உலகம் முழுக்க நடக்கிற விவாதங்களில் என் கருத்து இல்லாத விவாதமே கிடையாது. கட்டுரையின் மூன்றாம் பத்தி எப்படி இருக்கும் என்பதை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

அந்த லட்சணத்தில்தான் வடக்கனந்தல் பக்கம் பெண் பார்க்கப் போனோம். நான், அம்மா, அக்கா. பெண் பெயர் மலர்க்கொடி. பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். தரகரிடம் என் வேலையைப் பற்றிப் பேசும்போது ‘தற்காலிகம்’ என்ற சொல்லை அக்கா சாமர்த்தியமாக விழுங்கிவிட்டாள். ஆகவே பெண் வீட்டாருக்கு நான் அசல் கவர்மெண்ட் மாப்பிள்ளை.

பஸ்சில் அக்கா கண்டிப்பாகச் சொன்னாள்: “டேய், இன்னா கேட்டாலும் சிரி. வாய தொறந்தியோ, காரியம் கெட்டுது.”

மலரின் அப்பா ஏழுமலை வாசலுக்கே வந்து வரவேற்றார். வாசலோரம் இரண்டு கறவை மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் காதில் புதிதாக மஞ்சள் வில்லை தொங்கியது. கேசரியும் போண்டாவும் வந்தன. என்னைப் பார்க்கத் தெருவே வந்து கதவோரம் நின்றது. கூலி வேலைக்குப் போகும் பச்சையம்மா என்ற அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“அப்பறம் மாப்ள, ஆபீசுல இன்னா புதுசா சேதி?” என்றார் ஏழுமலை.

மரியாதைக்குக் கேட்டார். சிரித்திருக்கலாம். நான் ஆரம்பித்தேன்.

“நெல்லுல ஜீனையே திருத்தறாங்க மாமா!”

“நெல்ல அப்பறம் திருத்தட்டும். வாய்க்கால தூர் வாரச் சொல்லுங்க மொதல்ல.”

“நிலாவுல தண்ணி இருக்குதாம்!”

“கோமுகி டேம்ல இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

கூட்டம் சிரித்தது. உள்ளேயிருந்து ஒரு வளையல் சிரிப்பும் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மாடு நிம்மதியாக ஏப்பம் விட்டது.

“மாமா, இதோ இந்த ஏப்பம்! இதுலதான் பூமியே சூடாகுது. மீத்தேன்! வெளிநாட்டுல இதுக்கு மாட்டுக்கு வரி போடலாமான்னு விவாதமே நடக்குது.”

சிரிப்பு பட்டென்று நின்றது. முதல்முறையாக ஒரு கூட்டம் என் வாயையே பார்த்தது. அந்தப் போதை இருக்கிறதே, கள்ளச்சாராயத்தைவிட மோசம்.

“வரியா? இங்கயுமா?” என்றார் ஏழுமலை, குரலைத் தாழ்த்தி.

“இப்ப இல்ல. பின்னால வரலாம். மொதல்ல எத்தினி மாடு இருக்குதுன்னு கணக்கு எடுப்பாங்க இல்ல?”

அவர் எழுந்து போய் மாட்டின் காதைப் பிடித்துப் பார்த்தார். “அதுக்குத்தான் போன வாரம் மாட்டுக்கு ஆதார்னு இத்த மாட்டிட்டுப் போனாங்களா?”

எனக்குத் தெரியாது. அந்த மூன்று எழுத்தை... சரி, நான்கோ ஐந்தோ, அந்த ஒரு சொல்லைச் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. தெரியாது என்று சொன்னால் அறிவாளிக்கு என்ன மரியாதை? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இருக்கலாம்” என்றேன்.

அவ்வளவுதான். கதவோரம் இருந்த கூட்டம் காணாமல் போனது. இரண்டொருவர் மட்டும் திரும்பி வந்து சந்தேகம் கேட்டார்கள்.

“சார், ஆடு ஏப்பம் வுட்டாலும் உண்டுங்களா?”

“கன்னுக்குட்டிக்கு அரை டிக்கெட்டுங்களா?”

காபி வருவதற்குள் தெருவில் ஒரே புழுதி. கண்ணில் பட்ட மாட்டையெல்லாம் அவிழ்த்துக் கச்சிராயபாளையம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார்கள். கல்வராயன் மலையடிவாரக் காட்டில் ஒளித்துவைத்துவிட்டுக் கணக்கெடுப்பு முடிந்ததும் கூட்டிவருவது என்பது திட்டம். ஏழுமலையும் பெண் பார்க்கும் விசேஷத்தை மறந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் மாடுகளோடு கிளம்பிவிட்டார். எங்கள் அம்மா போண்டாவைக் கையில் பிடித்தபடி விழித்தார்.

கூடத்துக்கு வந்த மலர்க்கொடி காபித் தட்டை டொக்கென்று கீழே வைத்தாள்.

“காதுல மாட்டுனது தடுப்பூசி போட்டதுக்கு அடையாளம். நான்தான் மாட்டப் புடிச்சிக்கினேன். நீங்க அந்தச் சேதிய முழுசா படிச்சீங்களா, தலைப்பு மட்டுமா?”

“தலைப்பு... அதுக்குக் கீழ ஒரு வரி.”

“பச்சையம்மாவுக்கு இருக்கறதே ஒரே மாடு. ராவோட ராவா எவனாவது புரோக்கர் பாதி விலைக்கு அடிச்சினு பூடுவான். எழுந்து போய்ச் சொல்லுங்க!”

அவளும் தெருவில் இறங்கிக் கத்திப் பார்த்தாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பாவம், அவள் ஆபீசில் வேலை பார்க்கவில்லையே! யார் கேட்பார்கள்?

பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஊர் எல்லை தாண்டிக் கூட்டத்தைப் பிடித்து, “வரி இல்லீங்க! வரியே கெடையாது!” என்று கத்தினேன்.

ஒரு பெரியவர் மற்றவர்களிடம் சொன்னார்: “ஆபீசுகாரன் இல்லன்னு ஓடியாந்து சொல்றான்னா கண்டிப்பா உண்டு. சீக்கிரம் ஓட்டுங்கடா!”

மாடுகள் வேகம் எடுத்தன. பச்சையம்மா தன் மாட்டின் கயிற்றை இழுத்தபடி மூக்கைச் சிந்திக்கொண்டு போனார். “இந்த வாயில்லா சீவன் ஏப்பம் வுட்டது ஒரு குத்தமா சாமி? இத்த வெச்சித்தான் எங்க வூட்ல அடுப்பு எரியுது.” செல்போனில் படித்த நேரத்தில் அந்தச் செய்தியில் இப்படி ஒரு மனுஷி இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

வேறு வழி தெரியவில்லை. ரோட்டு நடுவில் கையை விரித்து நின்றேன்.

“ஐயா, நான் ஆபீசரே இல்லீங்க! டெம்பரவரி டைப்பிஸ்ட்டு! எப்ப வேணா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க! ஆபீசுல எல்லாருக்கும் டீ சொல்றப்ப என்ன வுட்டுட்டுத்தான் சொல்லுவாங்க! எனக்கு ஒரு வரியும் தெரியாது!”

மாடு முதற்கொண்டு நின்றுவிட்டது. பச்சையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப வரி உன் சொந்தச் சரக்கா?”

“ஆமாங்க.”

“தூ! இதுக்கா இந்த வெயில்ல என் மாட்ட இழுத்துக்கினு வந்தேன்?”

அவர் மாட்டைத் திருப்பினார். பின்னாலேயே எல்லாம் திரும்பின. கூட்டத்தின் கடைசியில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். நான் கத்தியதில் ஒரு சொல்கூட அவருக்குத் தவறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வரி இல்லன்னு சொன்னீங்க, ரொம்ப சந்தோசம்” என்றார். “வேலையும் இல்லன்னு சொன்னீங்க. பஸ்சு இப்ப வந்துரும்ங்க தம்பி.”

காலையில் மாப்ளையாக வந்தவன் மாலையில் தம்பியாகத் திரும்பினேன். மலர்க்கொடி வாசல் பக்கம் வரவே இல்லை. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கா சங்கராபுரம் வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்சைவிட்டு இறங்கியதும் சேர்த்துவைத்துப் பேசினாள். (அது அச்சில் ஏறாது.)

அடுத்த பெண் ரிஷிவந்தியத்தில். இந்த முறை இருக்கிற வேலையை இருக்கிறபடி சொல்லித்தான் போனோம். நான் வாயையே திறக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது, கல்யாணமும் ஆனது. ஒன்று மட்டும் அப்போது எனக்கு விளங்கவில்லை: அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி ஈரமாக இருந்தது, மாடு இல்லை. எனக்கு முன்னாலேயே என் புகழ் அங்கே பஸ் ஏறிப் போயிருக்கிறது என்பதைக் கல்யாணமான பிறகு மனைவிதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

இன்றைக்கும் நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்று போன் செய்தால் போதும். “மாப்ள வர்றாரு, மாட்ட அவுத்து அந்தாண்ட வூட்ல கட்டுங்க” என்று மாமியார் குரல் கொடுப்பது போனிலேயே கேட்கும். மாடு அடுத்த வீட்டில் இருப்பதால், சொந்தமாகக் கறவை மாடு வைத்திருக்கும் அந்த வீட்டில் இத்தனை வருடமாக நான் போகிற நாளெல்லாம் கடுங்காப்பிதான்.